ஐந்து மஃப்ளர், ஒரு கை

அவளுக்கு ஏழுபை என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணி. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. கணவரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பெயரில் பொய் இல்லை. ஏழு துணிப்பைகள், பைக்கு ஒரு வேலை. ஒன்றில் கணவருக்கு ஸ்வெட்டர், கை ஒன்று பாக்கி. ஒன்றில் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியில், போடும் கட்டில் விரிப்பு. நூற்றுப் பன்னிரண்டு சதுரங்கள் ஆகிவிட்டன, இன்னும் எண்பது வேண்டும். இன்னொன்றில் ஒரு குழந்தைத் தொப்பி. யாருக்காக ஆரம்பித்தாளோ அந்தக் குழந்தை இப்போது பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறது.

எதையும் பாதியில் விட்டதாக அவள் நினைக்கவில்லை. நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பைகளுக்கு இடமும் உண்டு. காலுறை பேருந்துக்கு, சின்ன வேலை, பக்கத்து ஆளை முழங்கை இடிக்காது. ஸ்வெட்டர் தொலைக்காட்சிக்கு. குரோஷா சதுரங்கள் வேலை செய்யும் இடத்துக்கு. குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான், ஒரே ஒரு நூல் வளையம்தான், உயிரோடு இருக்கும். எந்த நிமிடமும் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கலாம். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். பதினோரு வருடமாக வீங்கிய கன்னங்களுக்கு எண் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி மாடி வீட்டில் இருந்தாள். அவளும் பின்னுவாள். ஒன்றை எடுத்தால் அதை முடித்து, அலசி, காய வைத்து, மடித்து அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்த நூலைத் தொடுவாள்.

"பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்னு சொல்லுவாங்க, நாத்தனாரே."

"ஒரே மரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு காவல், அண்ணி. தச்சு இல்லே."

இப்படி வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உடையம்மாவுக்குப் பல்வலி வந்தது.

உடையம்மா ஒரு நாடகக் குழுவில் உடைகளுக்குப் பொறுப்பு. வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வந்தார். நான்காம் முறை, பாதி மரத்துப்போன வாயோடு மேஜைக்கு வந்து நின்றார்.

"நாலு தடவை வந்துட்டேன். நாலு தடவையும் உன் கையில நாலு வேற வேலை. ஒண்ணையாவது முடிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்படின்னா எனக்கு வேண்டிய ஆள் நீதான்."

விஷயம் இதுதான். புது நாடகத்தில் ஒருத்தி முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரு மஃப்ளர் பின்னிக்கொண்டே இருக்கிறாள். முதல் காட்சியில் அது ஒரு சாண். இரண்டாவதில் ஒரு முழம். பிறகு இரண்டு, மூன்று. கடைசியில் ஐந்து முழம். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே இரண்டு நிமிட இருட்டு. அந்த இருட்டில் யாரும் ஒரு முழம் பின்ன முடியாது. ஆகவே ஒரே மஃப்ளர் ஐந்து அளவில், ஐந்தும் ஊசியோடு, முடியாமல் வேண்டும்.

"இது சரியா வந்தா இதோட விடமாட்டேன்" என்றார் உடையம்மா. "எனக்கு ஒரு உதவியாள் இடம் காலியா இருக்கு. முழு நேர வேலை. தையல், பின்னல், கிழிசல், எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். அங்க வர்றவங்க ஒண்ணை முடிச்சிட்டு ஒண்ணுன்னு உட்கார்ந்து அழறாங்க. உனக்கு அந்த வியாதி இல்லே."

ஏழுபை அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். பதினோரு வருடத்தில் அவளுடைய பைகளைப் பார்த்து யாரும் வேலை தருகிறேன் என்று சொன்னதில்லை. அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

செங்கல் நிறத்தில் தடித்த கம்பளி நூல். ஆறாம் எண் ஊசி. முப்பத்திரண்டு கண்ணி. ஒரே அளவில் ஐந்து ஜோடி ஊசி வீட்டிலேயே வைத்திருப்பவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். வழக்கம்போல இடம் பிரித்தாள். சாண் துண்டு பேருந்துக்கு. முழம், அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரத்துக்கு. இரண்டு முழம் தொலைக்காட்சிக்கு. மூன்று முழம், அண்ணி மாடியிலிருந்து தொலைபேசியில் பேசும்போது. அண்ணியின் பேச்சுக்கு மூன்று முழம் போதவில்லை என்றே சொல்ல வேண்டும். ஐந்து முழம் பல் மருத்துவமனைக்கு.

மூன்று வாரத்தில் ஐந்தும் தயார். ஐந்து பைகளோடு ஒத்திகை நடக்கும் கூடத்துக்குப் போனாள். இயக்குநர் ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மேடைப் பலகைமேல் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மேலே ஒரு விளக்கைப் போடச் சொன்னார்.

உடையம்மாவும் குனிந்து பார்த்தார்.

சாண் துண்டு அகலமாகத் தளர்ந்து கிடந்தது. அடுப்படித் துண்டு அதைவிட ஒரு விரல் குறைவு. அண்ணியோடு பேசிப் பின்னியது விறைப்பாக, பலகை மாதிரி இருந்தது. பல் மருத்துவமனையில் பின்னியது எல்லாவற்றிலும் குறுகல்; முதல் துண்டுக்கும் அதற்கும் மூன்று விரல் வித்தியாசம்.

"காட்சிக்குக் காட்சி இது பட்டினி கிடக்குதே" என்றார் இயக்குநர். "அஞ்சு பேர்கிட்ட குடுத்தீங்களா?"

"இல்லே. நான்தான்."

"பார்த்தா அஞ்சு பேர் பின்னின மாதிரி இருக்கு."

அது உண்மை. ஏழுபைக்கு முகம் சுட்டது. அதே நூல், அதே ஊசி, அதே எண்ணிக்கை. ஒரு தடவைகூட ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவளுடைய வேலைகள் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது. ஒரு பையை மூடிய பிறகுதான் இன்னொன்றைத் திறப்பாள். ஸ்வெட்டரும் தொப்பியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

"மெஷின்ல குடுத்துடலாம்" என்றார் இயக்குநர் உடையம்மாவிடம். "ரெண்டு நாள்ல கோடு போட்ட மாதிரி வந்துடும்."

"முதல் ஆட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்றாள் ஏழுபை. "மெஷினுக்கு ரெண்டு நாள். எனக்கு எட்டு நாள் குடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சரியில்லேன்னா மெஷினுக்குப் போன் பண்ணுங்க. நான் பேச மாட்டேன்."

குரலில் கெஞ்சல் இல்லை. இயக்குநர் உடையம்மாவைப் பார்த்தார். உடையம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"வெள்ளி மதியம்" என்றார் இயக்குநர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. ஐந்து முழத் துண்டைச் சாப்பாட்டு மேஜைமேல் நீளமாகப் போட்டு, இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போனாள். தடவத் தடவ ஒன்று புரிந்தது. குறுகிய துண்டுகூட ஒரே சீராகக் குறுகவில்லை. உள்ளே டாக்டர் துளைபோடும் கருவியை ஓட்டும்போது நூல் இறுகியிருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் இளகியிருந்தது. ஒரு இடத்தில் திடீரென்று கயிறு மாதிரி ஆகியிருந்தது; அன்று ஒரு போலீஸ்காரர் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவிட்டார்.

கை நேரத்தைப் பின்னுகிறது. துண்டுக்கு ஒரு நேரம் என்று தந்துவிட்டு ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

அப்போது அண்ணி இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"முதல்ல இதைப் பிரிக்கணும்" என்றாள்.

பிரித்தார்கள். மூன்று வார வேலை முக்கால் மணி நேரத்தில் நூலாகிவிட்டது. பிரித்த நூல் சுருண்டு சுருண்டு, கொதிக்க வைத்த சேமியா போல இருந்தது. கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டது. இதை வைத்துத்தான் ஆக வேண்டும். அண்ணி நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டம் சிட்டமாக, பெரிய வளையங்களாக, கட்டினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, குளியலறைக் கொடியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பூட்டைக் கட்டினாள். சுருக்கம் போக ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். இதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"இப்பக் கேளு. ஏழு நாள்தான் இருக்கு. ரெண்டை எங்கிட்ட குடு. என் கை எப்பவும் ஒரே சீரா ஓடும்."

"அதான் அண்ணி பிரச்சினை."

"என்னது?"

"உங்க கை ஒரு சீரு, என் கை ஒரு சீரு. மறுபடியும் ரெண்டு பேர் பின்னின மாதிரி ஆயிடும்."

"சரி, நீயே பின்னு. ஆனா ஒவ்வொண்ணா முடி. முதல்ல பெருசை முடிச்சிட்டு—"

"ஒவ்வொண்ணா முடிச்சா திங்கள் கை ஒண்ணுல இருக்கும், வியாழன் கை இன்னொண்ணுல இருக்கும். நான் அஞ்சையும் சேர்த்துத்தான் பின்னப் போறேன்."

"சேர்த்தா?"

"இதுல நாலு வரிசை, அதுல நாலு வரிசை. சுத்திச் சுத்தி. பஸ்ல ஏறினா அஞ்சும் பஸ்ல ஏறும். பல்லு பிடுங்கினா அஞ்சுக்கும் பிடுங்கும்."

அண்ணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "சட்டியில இருந்தது போதாதுன்னு அடுப்பையே தலையில தூக்கி வச்சுக்கறே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். உதவி செய்ய வந்தவளை வேண்டாம் என்று அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஏழுபைக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் தப்பு செய்ததாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து ஊசியில் கண்ணி ஏற்றினாள். ஏழு பைகளையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஒரே ஒரு பெரிய பை.

நான்கு வரிசை பின்ன நாலரை நிமிடம். ஐந்தையும் ஒரு சுற்று முடிக்க இருபத்திரண்டு நிமிடம். பேருந்துப் பயணத்துக்குச் சரியாக இரண்டு சுற்று. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு ஊக்கு. சுற்று முடிந்ததும் ஊக்கை மேலே ஏற்றிவிடுவாள். ஊக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எது முறை தப்பியது என்று தெரியும்.

திங்கட்கிழமை பேருந்தில் பக்கத்தில் இருந்த பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணை எடுக்கறே, வைக்கறே. அதையே எடுத்து மறுபடி வைக்கறே. என்ன, பிடிக்கலையா?"

"அது வேறங்க. இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்படித் தெரியுதா?"

"ஆமா."

"ரொம்ப நன்றிங்க" என்றாள். பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் சாண் துண்டு தன் அளவைத் தொட்டு நின்றது. மற்ற நான்கும் மேலே போயின. செவ்வாய்க்கிழமை முழத் துண்டு நின்றது. மூன்றுதான் பாக்கி என்றதும் சுற்று வேகமாக ஓடியது. சமையலறையில் மூன்று, தொலைக்காட்சி முன்னால் மூன்று, துணி காயப்போடும் இடைவெளியில் மூன்று. கணவர் இரண்டு நாள் தானே சமைத்தார். உப்பு கூடிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார், அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை பல் மருத்துவமனையில் ஒரு கடைவாய்ப் பல் வந்தது. பல்லுக்கு உரியவர் பெரிய மீசைக்காரர். வாசலில் தைரியமாக வந்தவர் உள்ளே போய் ஒரு மணி நேரம் கத்தினார். காத்திருந்தவர்களில் இருவர் எழுந்து போய்விட்டார்கள். ஏழுபையின் விரலில் நூல் இறுகியது. இறுகுவது தெரிந்தது. தளர்த்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தளர்த்தினால் ஒன்றில் அதிகமாகும், ஒன்றில் குறையும். வேண்டாம். மீசைக்காரர் கத்தி முடிப்பதற்குள் மூன்று துண்டுகளும் முறைப்படி இரண்டு சுற்று வந்துவிட்டன. அவர் வீங்கிய கன்னத்தோடு வெளியே வந்தபோது அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

அன்று மாலை அண்ணி வந்தாள். நூல் பிரித்த நாளிலிருந்து பேச்சில்லை. கையில் அளவு நாடா. ஐந்தையும் மேஜையில் போட்டாள். அடியில் அளந்தாள், நடுவில் அளந்தாள், அந்த மீசைக்கார இடத்தில் மூன்றையும் தனித்தனியாக அளந்தாள். மூன்று தடவையும் ஒரே எண். நாடாவைச் சுருட்டினாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்லே, அண்ணி."

"மேலே வா."

அண்ணி குறை சொல்லாமல் போன முதல் பின்னல் அதுதான்.

வியாழன் இரவு சாப்பாட்டுக்கு முன்பே ஐந்து முழமும் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் கூடத்தில் அதே மேடை, அதே விளக்கு. இந்தத் தடவை அவள் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கவில்லை. ஐந்து முழத்தை முதலில் போட்டாள். அதன் மேல் மூன்று முழம். அதன் மேல் இரண்டு. முழம். சாண். அடியோரம் அடியோரத்தோடு. ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஒன்று புடைத்த இடத்தில் மற்றதும் புடைத்தது. ஒன்று ஒடுங்கிய இடத்தில் மற்றதும் ஒடுங்கியது. எங்கும் ஒரு ஓரம் வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

இயக்குநர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். குனிந்தார்.

"இங்க ஏன் இப்படிக் குறுகுது?"

"அன்னிக்கு ஒரு கடைவாய்ப் பல்லுங்க."

"அஞ்சுலயுமா?"

"இந்த மூணுல மட்டும். மத்த ரெண்டும் அதுக்கு முந்தியே நின்னுடுச்சு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே உடையம்மா பக்கம் திரும்பி, "மெஷின் வேண்டாம்" என்றார். "மெஷின்ல இந்த இடுப்பு வராது."

உடையம்மா அவளை ஒரு ஓரமாக அழைத்துப் போனார். முகத்தில் சந்தோஷத்தோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா ஒண்ணு. நேத்து டைரக்டர் சொல்றார், மஃப்ளர் வந்துட்டா இந்த நாடகத்துக்கு வேண்டியது எல்லாம் வந்தாச்சு, உதவியாள் எதுக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு."

ஏழுபை மேடைப் பக்கம் பார்த்தாள். எட்டு நாள் ஓடியது மஃப்ளருக்காக மட்டும் இல்லை.

"ஒத்திகையைப் பார்த்துட்டுப் போறேனே" என்றாள்.

முதல் காட்சி. நடிகைக்கு ஐம்பது வயதிருக்கும். இந்த வேஷத்துக்காக வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டவர். சாண் துண்டை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தார். வசனம் சொல்லச் சொல்ல ஊசி ஓடியது. காட்சி முடிவதற்குள் நான்கு வரிசை. எழுந்து துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டிய இடத்தில் தூக்கிக் காட்டினார்.

"நிறுத்துங்க" என்றார் இயக்குநர்.

மேல் விளிம்பு ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. நடிகையின் கை வேறு கை. நான்கு வரிசையும் புடவைக் கொசுவம்போல இருபுறமும் விரிந்து நின்றன.

"அம்மா, பின்னாம சும்மா கையை ஆட்டுங்களேன்."

"மூணு வாரமா ராப்பகலா கத்துக்கிட்டேன், சும்மா ஆட்டவா?" என்றார் நடிகை. "கை பொய் சொன்னா எனக்கு வாய் வராது. நீங்களே வந்து உட்கார்ந்து ஆட்டுங்க."

"சரி, சரி. பின்னினதை அப்புறம் பிரிச்சுட்டாப் போச்சு."

"இதோ" என்று நடிகை ஊசியை உருவினார். முப்பத்திரண்டு கண்ணிகளும் வாய் பிளந்து நின்றன. நூலை இழுத்தார். நடுவில் ஒரு கண்ணி நழுவி, ஏணிப்படியில் இறங்குகிற மாதிரி மூன்று வரிசை, ஐந்து வரிசை என்று கீழே போகத் தொடங்கியது.

"ஐயோ!"

ஏழுபை மேடையில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. துண்டை வாங்கினாள். பையிலிருந்து ஒரு குரோஷா ஊசியை எடுத்து, இறங்கிய கண்ணியைக் கொக்கியில் மாட்டி, படி படியாக மேலே ஏற்றினாள். நடிகை போட்ட வரிசையில் மிச்சம் இருந்ததைப் பிரித்தாள். கண்ணிகளை ஊசியில் ஏற்றினாள். நூலைத் திருப்பிச் சுற்றினாள். துண்டு மறுபடி ஒரு சாண். அவள் கொண்டுவந்தபடியே இருந்தது.

"எத்தனை ஆட்டம்?" என்று இயக்குநரைக் கேட்டாள்.

"நாற்பது."

"இவங்க காட்சிக்கு நாலு வரிசை போடறாங்க. பிரிக்காம விட்டா பன்னிரண்டாவது ஆட்டத்துல உங்க முதல் காட்சி ரெண்டாவது காட்சியாயிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு அப்புறமும் அஞ்சையும் பிரிச்சுக் கண்ணி ஏத்தணும். தெரியாதவங்க பிரிச்சா என்ன ஆகும்னு இப்பப் பார்த்தீங்க."

இயக்குநர் நடிகையைப் பார்த்தார். நடிகை உடையம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு இவங்க பக்கத்துல இருக்கணும்" என்றார் நடிகை. "இல்லேன்னா நான் ஊசியைத் தொட மாட்டேன்."

"அடுத்த வருஷம்னு நீங்க சொன்னதை அவகிட்ட சொல்லிட்டேன்" என்றார் உடையம்மா. "இப்ப என்ன சொல்லட்டும்?"

இயக்குநர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. ரெண்டாவது காட்சி!" என்று கைதட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏழுபை முழத் துண்டை எடுத்து நடிகையின் கையில் கொடுத்தாள். நடிகை சன்னலோரம் போய் உட்கார்ந்தார். விளக்கு மாறியது.

"பல் டாக்டர்கிட்ட சொல்லணுமே" என்றார் உடையம்மா, காதருகே. "உடனே விடுவாரா?"

"நேத்தே சொல்லிட்டேன்" என்றாள் ஏழுபை.